பதிவு எண் 2316: மரம் ஒன்று

மோட்டார் காயில் கட்டும் அந்தப் பட்டறையில் வேலைப் பதிவேடு ஒன்று இருக்கிறது. அதில் ஆறு பத்திகள்: வரிசை எண், வந்த நாள், பொருள், பழுது, பழைய சுருளின் சுற்று எண்ணிக்கை, ஒப்படைத்த நாள். தண்ணீர் இறைக்கும் மோட்டார், தையல் இயந்திர மோட்டார், மேசை விசிறி என்று பக்கம் பக்கமாகப் போகும் அந்தப் பதிவேட்டில் 2316 என்ற எண்ணுக்கு எதிரே மட்டும் ‘மரம் ஒன்று’ என்று எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் அங்கே இருபத்து மூன்று ஆண்டுகளாகக் காயில் கட்டி வருபவர். பட்டறையிலும் தெருவிலும் அவருக்குக் காயில் அக்கா என்றே பெயர்.

எரிந்துபோன மோட்டாரைத் திறந்ததும் அவர் செய்யும் முதல் வேலை, பழைய சுருளைப் பிரித்து எத்தனை சுற்று என்று எண்ணுவதுதான். அந்த எண் தெரியாமல் புதிய சுருள் கட்ட முடியாது. ஆகவே எண்ணாமல் எந்தக் கம்பியையும் அவர் எறிந்ததில்லை. எண்ணும்போது யாருக்கும் பதில் சொன்னதுமில்லை. ஒருமுறை பட்டறையின் பின்பக்கத்தில் துணிக்கழிவுக் கூடை தீப்பிடித்துப் புகை சூழ்ந்தபோது எல்லோரும் தெருவுக்கு ஓடிவிட்டார்கள். காயில் அக்கா மட்டும் நூற்று அறுபத்தெட்டு என்று எழுதிவிட்டு, பேனாவை மூடிவிட்டு, பிறகுதான் வெளியே வந்தார். பட்டறை முதலாளி புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லுவார்.

“நாங்க எல்லாரும் செத்திருந்தாலும் அக்கா எண்ணி எழுதிட்டுத்தான் அழுதிருப்பாங்க” என்று முடிப்பார். அக்காவும் தலையை ஆட்டி ஒப்புக்கொள்வார்.

அவருடைய கணவர் பேருந்துப் பணிமனையில் பண்டகக் காப்பாளர். திருகாணி ஒன்று வெளியே போனாலும் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விடுவார். வீட்டிலும் அப்படித்தான். அலமாரிக்குப் பூட்டு, மிதிவண்டிக்குப் பூட்டு, ஊறுகாய் வைக்கும் அலமாரிக்குக்கூட ஒரு சின்னப் பூட்டு. அவருக்கு ஒரே பொழுதுபோக்கு போன்சாய். நான்கு தொட்டிகள் வைத்திருந்தார். அவற்றில் மூத்தது அத்தி இனத்தைச் சேர்ந்த சிறிய இலை மரம். பதினேழு வயது, ஒன்றேகால் சாண் உயரம். கிள்ளினால் பால் வரும். அதன் அடிக்கிளையை இடது பக்கமாகப் படிய வைக்க மட்டும் அவருக்குப் பதினோரு ஆண்டுகள் ஆயின.

கருவிகளை ஒரு தகரப் பெட்டியில் நான்கு இலக்க நம்பர் பூட்டுப் போட்டு வைத்திருந்தார். மனைவியோ மகளோ கிட்டே போனால், “ஏய், ஏய். ஜப்பான் சாமான். ஒண்ணு தொலைஞ்சா நீங்க ரெண்டு பேரும் போய் வாங்கிட்டு வருவீங்களா?” என்பார். வேலை செய்யும்போதும் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொள்வார். அவர்கள் அந்தப் பெட்டியின் உள்பக்கத்தைப் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிறு காலை, மரத்துக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருக்கும்போது அவர் சரிந்தார். ஆறு கிளைகளுக்கு அலுமினியக் கம்பி சுற்றி முடித்திருந்தார். ஏழாவது கிளையில் நான்கு சுற்று போட்டு, மீதிக் கம்பி காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. எழுந்து பெட்டியைப் பூட்டிவிட்டுத்தான் விழுந்திருக்கிறார். கருவி ஒன்றுகூட வெளியே கிடக்கவில்லை.

பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டுக்கு வந்தபோது வலது கையும் வலது காலும் அசையவில்லை. பேச்சு அடியோடு போய்விட்டது. இடது கை மட்டும் கொஞ்சம் அசைந்தது. எது வேண்டுமானாலும், கட்டிலின் இரும்புக் கம்பியில் ஒரு கரண்டியால் தட்டுவார். தண்ணீர், மூத்திரப் பை, விளக்கு, எல்லாவற்றுக்கும் அதே தட்டல்தான். என்னவென்று மற்றவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பார்க்க வந்த உறவினர்கள் காயில் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் அழவில்லை. டம்ளர்களைக் கழுவி அடுக்கினார். ஈயப் பற்றவைப்பு வேலையால் பல ஆண்டுகளாகவே அவர் விரல் நுனிகளுக்குச் சூடு உறைப்பதில்லை. இப்போது மற்றவையும் உறைக்கவில்லை. காலையில் எழுந்தார், துடைத்தார், திருப்பிப் படுக்க வைத்தார், பட்டறைக்குப் போனார், வந்தார். ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் இடையே அவருக்கு வேறுபாடு தெரியவில்லை.

நான்கு மரங்களில் மூன்று அந்தப் பத்தொன்பது நாட்களில் காய்ந்துவிட்டன. மூத்தது மட்டும் பிழைத்தது. அதைக் கட்டிலுக்கு எதிரே சன்னல் திண்டில் வைத்தார்கள். வேறு இடம் இல்லாததுதான் காரணம். அதைக் கவனித்தவர், கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்க வாரம் இருமுறை வரும் பிசியோ அம்மா.

“இந்த மரம் யாரோடது?”

“அவரோடதுதான்.”

“நானும் ரெண்டு வாரமா பாக்குறேன். என்னையும் பாக்கல, உங்களையும் பாக்கல, அதைத்தான் பாக்குறார். கண்ணு போற பக்கம்தான்மா கை போகும். இதை மட்டும் சாக விட்டுடாதீங்க. இது போச்சுன்னா, நான் வந்து காலை மடக்கி நீட்டிட்டுப் போறதுதான் மிச்சம்.”

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணி ஊத்தணும்?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? அவரைத்தான் கேக்கணும்” என்று சொல்லிவிட்டு, சொன்னதை உணர்ந்து பிசியோ அம்மா பையை எடுத்துக்கொண்டார்.

கருவிகள் பெட்டிக்குள் இருந்தன. பூட்டின் எண் கணவருக்குள் இருந்தது. காயில் அக்கா பூட்டைக் கட்டிலருகே கொண்டுபோய் ஒவ்வோர் இலக்கமாகக் காட்டிப் பார்த்தார். கணவர் எல்லாவற்றுக்கும் தட்டினார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகள், “உடைச்சுத் தொலைம்மா” என்றாள்.

“அவர் பெட்டி. அவர் உயிரோட இருக்கும்போது எப்படி உடைக்கிறது?”

“அப்போ என்ன செய்யப் போற?”

“சைபர்லேருந்து வரிசையாப் போட்டுப் பாக்குறேன். பத்தாயிரம்தானே.”

நாளொன்றுக்கு முப்பது எண்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் உட்கார்ந்து, பூட்டை இழுத்துப் பார்த்து, எதுவரை வந்திருக்கிறது என்று நாட்காட்டியின் ஓரத்தில் குறித்து வைத்தார். மகள் அதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

பூட்டு திறக்கும்வரை மரம் காத்திருக்காது. எனவே கையில் அகப்பட்டவற்றைக் கொண்டு அவர் வேலையைத் தொடங்கினார். மோட்டாரின் பள்ளங்களில் சுருளை இறுக்கிச் சொருகும் மூங்கில் குச்சி, வேரைக் குத்தாமல் மண்ணை இளக்கப் போதுமானதாக இருந்தது. மண்ணைத் தேநீர் வடிகட்டியில் சலித்தால் தூசு கீழே போய்ப் பருக்கை மேலே நின்றது. மருந்து கொடுத்து முடித்த சிரிஞ்சால் தண்ணீரை வேரடியில் சொட்டுச் சொட்டாக இறக்கலாம். தண்டில் படிந்த பாசிக்குப் பழைய பல்துலக்கி. இலைக்காம்புக்கு நகவெட்டி. மூக்குக்கண்ணாடித் திருகைப் பிடிக்கும் மெல்லிய இடுக்கி ஒன்றை மகள் கடையிலிருந்து கொண்டுவந்தாள். களை பிடுங்க அது உதவியது. சன்னல் காற்றில் மரம் தொட்டிக்குள் ஆடியபோது, பட்டறையில் மீந்த செம்புக் கம்பியை நெருப்பில் சுட்டு மெதுவாக்கி, தொட்டியின் அடித்துளை வழியே கொடுத்து வேரோடு இழுத்துக் கட்டினார். சுடாத செம்பு முறுக்கேறி நிற்கும், சுட்டது நூல் மாதிரி வளையும் என்பது அவருக்குப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கம்பியைச் சுடுவதைப் பட்டறை முதலாளி பார்த்துவிட்டார்.

“என்னக்கா, மரத்துக்கு மோட்டார் கட்டறீங்களாமே? எத்தனை எச்.பி.?”

“அரை எச்.பி.தான் வரும்” என்றார் காயில் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து அவரும் உதட்டை விரித்தார்.

மரம் துளிர்த்தது. பிழைக்கட்டும் என்றும் அவருக்குத் தோன்றவில்லை, போகட்டும் என்றும் தோன்றவில்லை. சிரிஞ்சு, குச்சி, நகவெட்டி என்று வரிசைப்படி செய்தார். கணவரின் கண்கள் மரத்தின் மீதே இருந்தன. நான்காம் மாதத்தில் இடது கை கட்டில் கம்பியைத் தாண்டிச் சன்னல் பக்கமாக ஒரு முழம் நீண்டது. பிசியோ அம்மா, “சொன்னேன் பாத்தீங்களா” என்று மகிழ்ந்தார். காயில் அக்கா “ஆமா” என்றார்.

மரம் தடித்துக்கொண்டே வந்ததால் அதன் மேலிருந்த கம்பி இறுகத் தொடங்கியது. ஐந்தாம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடிக்கிளையில் கம்பி பட்டைக்குள் பாதி மறைந்திருப்பதை அவர் பார்த்தார். மகள் கடைக்குப் போயிருந்தாள். கணவர் விழித்திருந்தார். கம்பியை எடுத்துவிட வேண்டும் என்பதில் ஐயமில்லை. எப்படி எடுப்பது என்பதிலும் அவருக்கு ஐயம் எழவில்லை. இருபத்து மூன்று ஆண்டுகளாக எடுத்த விதத்திலேயே எடுத்தார். நுனியைப் பிடித்து, சுற்றிச் சுற்றிப் பிரித்து, எண்ணத் தொடங்கினார்.

“ஒண்ணு. ரெண்டு. மூணு.”

கட்டில் கம்பியில் தட்டல் கேட்டது.

“நாலு. இருங்க, எண்ணிக்கிட்டிருக்கேன். அஞ்சு.”

தட்டல் நிற்கவில்லை. வழக்கத்தைவிட வேகமாக இருந்தது. மூத்திரமாக இருக்கும் என்று ஒரு நினைவு ஓரத்தில் வந்துபோனது. அதற்குக் குழாய்தான் மாட்டியிருக்கிறதே. எட்டு, ஒன்பது, பத்து. அலுமினியம் ஒவ்வொரு சுற்றிலும் கிளையைத் தன்னோடு முறுக்கியது. செம்பு வேலையில் இரும்பு வார்ப்புக்குள் இருந்து பிரித்தே பழகிய கைக்கு, உள்ளே இருப்பதும் முறுகும் என்பது எட்டவில்லை. கரண்டி கணவரின் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. அதன் பிறகு உள்ளங்கையாலேயே தட்டினார். பன்னிரண்டு. பதின்மூன்று.

பதினான்காவது சுற்றில் அடிக்கிளை முறிந்தது. சத்தம் பெரிதாக இல்லை. பென்சில் முனை உடையும் அளவுதான். பட்டையின் ஒரு கீற்று மட்டும் பிடித்துக்கொள்ள, கிளை தொங்கியது. வெள்ளைப் பால் சன்னல் திண்டில் சொட்டியது.

காயில் அக்கா கையை எடுக்கவில்லை. மீதிச் சுற்றுகளையும் பிரித்தார். இருபத்திரண்டு. நாட்காட்டியின் ஓரத்தில் எழுதினார்: 22. அதன் கீழே: 14-இல் முறிவு. பிறகுதான் பஞ்சால் பாலைத் துடைத்தார். கிளையைப் பழைய நிலைக்குத் தூக்கி, இரண்டு மூங்கில் குச்சிகளை அணையாக வைத்து, சுருளைக் கட்டும் பருத்தி நாடாவால் இறுக்கிக் கட்டினார். முடிச்சு ஒழுங்காக இருந்தது.

மாலையில் மகள் வந்து பார்த்தாள்.

“என்னம்மா இது?”

“பதினாலாவது சுத்துல ஒடிஞ்சுது.”

“அப்பா பாத்துக்கிட்டா இருந்தாரு?”

“ஆமா.”

“ஒண்ணும் செய்யலையா?”

“தட்டினார்.”

“நீ திரும்பிப் பாக்கலையா?”

“எண்ணிக்கிட்டிருந்தேன்டீ.”

மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கணவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியிருந்தார்.

மறுநாள் பட்டறையில் காயில் அக்கா பதிவேட்டில் அடுத்த எண்ணை எழுதினார். பொருள்: மரம் ஒன்று. பழுது: கிளை முறிவு, சுருள் பிரித்ததால். சுற்று: 22. முதலாளி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“கஸ்டமர் யாருக்கா?”

“எங்க வீட்டுக்காரர்.”

“டெலிவரி எப்போ?”

அவர் பதில் சொல்லவில்லை. எண்ணவுமில்லை. முதலாளி அன்றைக்குத் துணிக்கழிவுக் கூடைக் கதையை யாருக்கும் சொல்லாமல் உள்ளே போனார்.

கணவர் மூன்று நாள் மரத்தின் பக்கம் திரும்பவில்லை. தட்டவும் இல்லை. கரண்டியைக் கையில் வைத்தால் விரல்கள் அதைப் பிடிக்கவில்லை. வியாழக்கிழமை வந்த பிசியோ அம்மா அறையைச் சுற்றிப் பார்த்து, “மரத்தை எங்க எடுத்தீங்க?” என்றார்.

“அங்கேயேதான் இருக்கு.”

பிசியோ அம்மா கணவருடைய முகத்தைத் தொட்டுத் திருப்பினார். அது திரும்பச் சுவருக்கே போனது. அன்று கால்களை மட்டும் மடக்கி நீட்டிவிட்டுப் போனார்.

அவர் போனதும் மகள் நாட்காட்டியை எடுத்துவந்தாள். “இத்தனை நாள்ல மூவாயிரத்து நானூத்தி எண்பது போட்டுப் பாத்திருக்க. இன்னும் ஆறாயிரத்து ஐநூத்தி இருபது இருக்கு. அதுக்குள்ள அந்தக் கிளையும் இருக்காது, இவரும்…” என்று நிறுத்தி, “உள்ள ஏதாவது மருந்து இருக்கும்மா. ஒடிஞ்சதுக்குப் போடறது. அவர் வெச்சிருப்பாரு” என்றாள்.

காயில் அக்கா நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேலைப் பையிலிருந்து இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடை எடுத்து மகளிடம் கொடுத்தார்.

பூட்டின் வளையத்தில் பிளேடு கீச்சிடத் தொடங்கியதும் சுவரைப் பார்த்திருந்த தலை திரும்பியது. முப்பத்தொரு ஆண்டுகள் பண்டகசாலையைக் காத்தவருக்குப் பூட்டு அறுபடும் சத்தம் தெரியாமல் இருக்காது. இடது கை காற்றில் எழுந்து வேண்டாம் என்று ஆடியது. மகள் அறுத்துக்கொண்டே இருந்தாள்.

மூடி திறந்தது. மகள் முதலில் எடுத்தது ஒரு முள்கரண்டி. முட்கள் மூன்றும் கொக்கியாக வளைக்கப்பட்டு, நுனி அரம் போட்டுக் கூராக்கப்பட்டிருந்தது. பின்புறம் வீட்டுப் பாத்திரங்களில் எல்லாம் இருக்கும் அதே பூ முத்திரை.

“ஜப்பான் சாமான் பாரும்மா” என்றாள் மகள். “ஆறு வாங்கினோம், அஞ்சுதான் இருக்குன்னு என்னைப் போட்டு அந்தத் திட்டு திட்டினியே.”

அடுத்து வந்தவை: பிடி இல்லாத தேநீர் வடிகட்டி ஒன்று. பல்துலக்கி இரண்டு. மகளின் பழைய கண் மைத் தூரிகை. சைக்கிள் சக்கரக் கம்பியைத் தட்டையாக்கிச் செய்த சிறிய உளி. நகவெட்டி. பணிமனை முத்திரையுள்ள, கம்பி வெட்டும் நிப்பர். பட்டறை மூங்கில் குச்சிகள், ஒரு கட்டு. கடைசியாக, பிடியில் நீல நாடா சுற்றிய வளைமுனை இடுக்கி. அந்த நாடாவைச் சுற்றியவர் காயில் அக்கா.

“ஏழு வருஷமா தேடுறேன்” என்றார் அவர். “பட்டறையில எல்லாரையும் கேட்டேன். உங்களையும் கேட்டேன். ‘எனக்கெப்படித் தெரியும், உன் சாமானை நீதான் பாத்துக்கணும்’னீங்க.”

கட்டிலில் கிடந்தவரின் வாயின் இடது ஓரம் மட்டும் மேலே ஏறியது.

“சிரிக்கிறார் பாரும்மா! திருட்டு அப்பா!” மகளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. “கையெழுத்துப் போடாம ஒரு திருகாணி வெளிய போகாதாம், வீட்டுச் சாமான் மட்டும் பெட்டிக்குள்ள போகுமாம்.”

காயில் அக்கா இடுக்கியைத் திறந்து மூடிப் பார்த்தார். சன்னல் திண்டில் தாம் வைத்திருந்த வடிகட்டி, குச்சி, பல்துலக்கி, நகவெட்டி ஆகியவற்றையும், தரையில் பரப்பிக் கிடந்தவற்றையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதாவது தோன்ற வேண்டிய இடம் என்று அவருக்குத் தெரிந்தது. காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

பெட்டியின் அடியில் மாத்திரை டப்பா ஒன்றில் களிமண் நிறத்தில் பசை இருந்தது. அதன்மேல் பண்டகக் காப்பாளரின் சாய்ந்த எழுத்தில் ஒரு சீட்டு: ‘காயத்துக்கு.’ அலுமினியக் கம்பிச் சுருளிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. மகள் அதைப் படிக்காமல் அம்மாவிடம் நீட்டினாள். ‘எடுக்கும்போது துண்டு துண்டாக வெட்டி எடுக்கவும். பிரிக்கக் கூடாது. பிரித்ததில் ஒரு மரம் போயிற்று.’

காயில் அக்கா சீட்டை இரண்டு முறை படித்தார். பிறகு தொட்டியைத் தூக்கிவந்து, சாப்பாடு வைக்கும் சாய்வுப் பலகையைக் கட்டிலின் குறுக்கே போட்டு, அதன் மேல் வைத்தார். முறிந்த கிளையின் இலைகள் மஞ்சளாகித் தலைகுனிந்திருந்தன. கணவரின் இடது கை நீண்டு, பருத்தி நாடாக் கட்டைத் தொட்டு, அங்கிருந்து நகர்ந்து, கிளை தண்டோடு சேரும் இடத்தில் நின்றது.

“பசை போடவா?”

கை அசையவில்லை.

“வெட்டிடவா?”

விரலால் தொட்டி விளிம்பில் ஒரு தட்டு.

“பதினோரு வருஷங்க.”

மீண்டும் ஒரு தட்டு.

பூட்டை அறுத்த அதே பிளேடால் அவர் கிளையை அறுத்தார். தொட்டி ஆடாமல் கணவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். மகள் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். பால் நின்றதும் கணவர் டப்பாவில் விரலை விட்டுப் பசையை எடுத்துக் காயத்தில் தாமே தடவினார். பாதி பலகையில் ஒழுகியது.

மீதி ஐந்து கிளைகளிலும் கம்பி இருந்தது. ஏழாவது கிளையில் கணவர் சரிந்த அன்று காலை சுற்றிய நான்கு சுற்றும் தொங்கும் வாலும் அப்படியே இருந்தன. காயில் அக்கா நிப்பரை அவருடைய இடது கையில் வைத்து விரல்களை மூடினார். விரல்கள் பிடித்துக்கொண்டன. அவர் கிளையைத் தாங்கிப் பிடிக்க, கணவர் வெட்டினார். முதல் வெட்டுக்கு நான்கு முயற்சிகள் ஆயின. கம்பித் துண்டு கிண்ணத்தில் விழுந்தது.

“ஒண்ணு” என்றார் காயில் அக்கா.

மகள் திரும்பி, “அம்மா!” என்றாள்.

“எண்ணாம எப்படிடீ? ரெண்டு.”

மூன்று, நான்கு, ஐந்து. ஒவ்வொன்றுக்கும் இடையில் கணவர் இளைப்பாறினார். நிழல் சன்னல் திண்டிலிருந்து கட்டிலுக்கு வந்தது. பதினேழு. பதினெட்டு. பத்தொன்பதாவது துண்டு விழுவதற்கு முன் நிப்பரின் முனை தொட்டியில் தட்டியது. ஒரு முறை. பிறகு இன்னொரு முறை.

காயில் அக்கா வாயை மூடித் திரும்பிப் பார்த்தார். தண்ணீரா என்று பார்த்தார், இல்லை. தொட்டியா என்று கேட்டார்; இல்லை. தலையணையைச் சரிசெய்தார், வெளிச்சத்தைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். நிப்பரின் முனை அவருடைய கையைக் காட்டியது. கிளையைத் தாங்கியிருந்த அவருடைய கட்டைவிரலில் வெட்டுப்பட்ட கம்பியின் நுனி ஏறியிருந்தது. இரத்தம் கோடாக மணிக்கட்டுவரை வந்திருந்தது. அவருக்கு உறைக்கவே இல்லை.

மகள் பஞ்சு எடுத்துவந்தாள். விரலைச் சுற்றிக்கொண்டு அவர் மீண்டும் கிளையைப் பிடித்தார். “எத்தனை வந்துச்சு?” என்று மகளைக் கேட்டார்.

“நான் எண்ணலையே.”

கிண்ணத்தில் துண்டுகள் இருந்தன. கொட்டி எண்ணியிருக்கலாம். கணவர் நிப்பரைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார். “சரி, வெட்டுங்க” என்றார் காயில் அக்கா.

2316-ஆம் எண்ணின் வரி இன்றும் பதிவேட்டில் இருக்கிறது. சுற்று எண்ணிக்கைப் பத்தியில் இருபத்திரண்டுக்குக் கீழே, மற்ற கிளைகளுக்கு ஒரு கோடு மட்டும் போடப்பட்டிருக்கிறது. அந்தப் பதிவேட்டில் அவர் கையால் விழுந்த கோடு அது ஒன்றுதான். ஒப்படைத்த நாள் எழுதப்படவில்லை. முதலாளி ஒரு நாள் அதைக் காட்டிக் கேட்டபோது, காயில் அக்கா புதிதாக வந்த மேசை விசிறியைத் திறந்துகொண்டே, “இன்னும் எங்ககிட்டதான் இருக்கு” என்றார்.